மூக்கில் வைத்த சந்தனம்

வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி வீட்டில், கண்ணாடி வைத்து அடைத்த பால்கனி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மேஜை போடலாம், இல்லாவிட்டால் ஒரு தொட்டில் போடலாம். இரண்டும் கொள்ளாது. ஜெயலக்ஷ்மி மேஜையை நினைத்தாள். வீட்டில் மற்ற எல்லோரும் தொட்டிலை நினைத்தார்கள். மேஜை நின்றால் அவள் தன் கையால் சம்பாதித்துச் சாப்பிடுகிறவள். தொட்டில் வந்தால் சம்பளமில்லாத ஆயா. இதை இப்படி யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நம்மவர்கள் சொல்வார்களா? குழந்தைக்கு அத்தைப்பாட்டி இருக்கும்போது என்ன கவலை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது போதாதா!

ஐம்பதைத் தாண்டியவள் ஜெயலக்ஷ்மி. கல்யாணமான சூட்டோடு சூடாகப் புருஷன் ராஜாராமன் ஒரு பஸ் விபத்தில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணா வெங்கடநாராயணன் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டார். அவர் பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். நல்லவர்தான். அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார் என்பது ஒன்றுதான் கஷ்டம்.

அவளும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஒரு வங்காளி வைத்திருந்த கடையில் வேலைக்குப் போனாள். லிப்ட், ஜெனரேட்டர், தறி மெஷின் இவற்றுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுகள் கெட்டுப்போனால் அங்கே வரும். முதலில் பிரஷ் வைத்து அழுக்குத் துடைத்தாள். பிறகு ஈயம் உருக்கிச் சாமானைப் போர்டில் ஒட்டக் கற்றாள். அதற்கும் பிறகுதான் கழற்றக் கற்றாள். இந்தத் தொழிலில் புதுச் சாமானைப் பொருத்துவது பெரிய காரியமில்லை, செத்த சாமானைப் போர்டு நோகாமல் வெளியே எடுப்பதுதான் காரியம். ஈயம் முழுக்க உருகி, போர்டின் ஓட்டையிலிருந்து சுத்தமாக வெளியே வந்தால்தான் சாமானின் கம்பிக் கால் விடும். அவசரப்பட்டு இழுத்தால் ஓட்டைக்குள் இருக்கும் மெல்லிய செம்பு வளையமும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் அந்தப் போர்டைக் குப்பையில்தான் போட வேண்டும். ஜெயலக்ஷ்மி இழுக்க மாட்டாள். கடைக்காரர் போனபிறகு பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். கணக்கு முடித்துக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, "தீதி, நல்லா இருங்க" என்று அக்கா முறை வைத்து வங்காளியில் சொல்லி அனுப்பினார்கள்.

அதே சமயத்தில்தான் அண்ணா பிள்ளை ரஞ்சனுக்குப் பெண் பிறந்தது. ஸ்னேகா என்று பெயர். ரஞ்சன் பெண்டாட்டி சுப்ரியாவுக்கு ஆபீஸ் லீவு துர்கா பூஜை முடிகிறவரைக்கும்தான். அதற்கப்புறம் குழந்தையை யார் பார்ப்பது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஜெயா கடைதான் மூடியாயிற்றே.

ஜெயலக்ஷ்மி ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள், அந்தப் பால்கனியில் தான் சொந்தமாக போர்டு ரிப்பேர் வைத்துக்கொள்ளப் போவதாக. அண்ணா தொண்டையைச் செருமி, சரி, பூஜை வரைக்கும் பாரு, அதற்குள் ஓடினால் ஓடட்டும் என்றார். மன்னி விஜயா அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். மன்னி கேட்காமல் ஊற்றினால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு.

அன்றிலிருந்து அவள் சாமான் பார்க்க ஆரம்பித்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை ஆராய மாட்டார்கள். சாந்தினி சவுக்கில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். ஈயம் காய்ச்சுகிற விலை உயர்ந்த சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று கண்ணைப் பறித்தது. அதன் முனை தேய்ந்தால் மாற்று முனை இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கடைக்காரன் மேலே பார்த்தான். சரி, அது வேண்டாம். விலை குறைந்த ஒன்றை எடுத்தாள். சூட்டை ஒரே அளவில் நிறுத்துகிறது, மாற்று முனை தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, அது போதும். சூடான காற்றை ஊதும் மெஷின் சீனச் சாமான்தான். ஆனால் வாங்குவதற்கு முன் அதன் வாய்க்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தாள். காகிதம் ஒரே சீராகப் பழுத்தால் எடுப்பது, ஓரிடத்தில் மட்டும் கருகினால் வைத்துவிடுவது. மூன்றாவது பெட்டிதான் தேறியது. மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிக்கவுமில்லை. ஈயக் கம்பியும் அதோடு தடவுகிற ஃபிளக்ஸும் நல்லதாக வாங்கினாள். பழைய கட்டடத்தில் எர்த் சரியில்லை, கசிகிற கரண்ட் சின்னச் சின்ன சிப்புகளைக் கொன்றுவிடும் என்று தனியாக எர்த் கம்பி இழுக்கச் செய்தாள். சுவரில் துளை போட்டதற்கு அண்ணா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கடைசியாக, ஈயம் உறிஞ்சுகிற கன். பார்க்கத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். அதன் மூக்கில் ஓட்டை. மூக்கைக் காலின் மேல் வைத்தால் அதுவே ஈயத்தை உருக்கி அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தடித்த லிப்ட் போர்டுகளுக்கு அது இல்லாமல் முடியாது. உருகின ஈயத்தைக் கையால் இழுக்கிற கைப்பம்பை வைத்துக்கொண்டு மாரடிப்பவர்கள் அடிக்கலாம், பத்துக்கு இரண்டு போர்டு போய்விடும். புதிதாக ஜப்பான் கன் வாங்க அவள் பணம் காணாது. புதுச் சீனக் கன்னை நம்ப மனசு வரவில்லை, உறிஞ்சுவதை விட அடைத்துக்கொள்வதுதான் அதிகம் என்று பழைய கடையிலேயே பார்த்திருக்கிறாள். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் சாமான்களை வாங்கி விற்கும் வியாபாரியிடம் ஒரு பழைய ஜப்பான் கன் இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த தடித்த போர்டில் வைத்துப் பார்த்தாள். காலை விரலால் ஆட்டினால் ஓட்டைக்குள் ஆடுகிறது, அத்தனை சுத்தம். ஒன்றுதான் குறை. அதன் மூக்குக்குப் பின்னால் இருக்கும் பீங்கான் ஹீட்டர் உடைந்தால், மாற்று வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகும். முதல் வேலைப் பணம் வந்ததும் அதை ஆர்டர் பண்ணிவிடலாம் என்று நினைத்தாள். பீங்கான் தானாக உடையாது. உடைக்கிற மாதிரி யாரும் கையாளப் போவதும் இல்லை. நியாயமான கணக்குதான். இன்றைக்கும் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று, பழைய கடையின் பழக்கத்தில், ஒரு பெட்டி போர்டு கொடுத்துப் பார்த்தது. விஜயதசமிக்கு அப்புறம் வரும் லக்ஷ்மி பூஜை கழிந்து ஆபீஸ் திறக்கும்போது கொண்டு வாருங்கள், சரியாக இருந்தால் மாசாமாசம் உங்களுக்குத்தான் என்றார் மேனேஜர். ஜெயலக்ஷ்மி வீட்டுக்கு ஆட்டோவில் வந்தாள். அவள் ஆட்டோவில் தனியாக வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும்.

அப்போதே உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நவராத்திரிச் சுண்டலை உங்கள் வீட்டிலிருந்து வந்து யாராவது பண்ணியிருப்பீர்களா? வீட்டில் கொலு. தினம் ஒரு சுண்டல், தினம் மாமிகள் கூட்டம். மன்னி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு குங்குமம் கொடுக்க, ஜெயா அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றாள். நடுவில் கிடைத்த நேரத்தில் மெல்லிய போர்டுகளை முடித்தாள். தடித்தவற்றைத் தசமிக்கு மேல் வைத்துக்கொண்டாள். கன் இருக்கிறது, என்ன பயம்?

நவமியன்று ஆயுத பூஜை. இத்தனை வருஷமாக அந்த வீட்டுக் கொலுவின் முன்னால் அண்ணாவின் பேனா இருக்கும், ரஞ்சனின் லாப்டாப் இருக்கும், மன்னியின் பாட்டு நோட்டு இருக்கும். ஜெயாவுக்கென்று வைக்க எதுவும் இருந்ததில்லை, கடைச் சாமான் கடையில்தானே இருக்கும். கடையில் ஆயுத பூஜைக்குப் பதில் விஸ்வகர்மா பூஜை நடக்கும். கடைக்காரர் ஒரு சாமந்திப் பூவைக் கையில் கொடுத்து, "தீதி, நீங்க வையுங்க" என்பார். அவள்தான் வைப்பாள். அவள் கைம்பெண் என்பது அந்த வங்காளிக்குத் தெரியாதா என்ன?

இந்த வருஷம் அவளுக்கே அவளுக்கென்று சாமான்கள். விடியற்காலையில் குளித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து, கோலத்தின் மேல் பலகை போட்டு வரிசையாக வைத்தாள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்தது மன்னிதான்.

"நீ நகர்ந்துக்கோ ஜெயா," என்றாள் மன்னி. கோபமே இல்லை குரலில், தேன் ஒழுகிற்று. "முதல் முதலா வெக்கற பொட்டு. சுமங்கலி கையால விழட்டும். உன் தொழிலுக்குத்தானே நல்லது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா? ஜெயலக்ஷ்மி கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். மெஷின் உடம்பில் மட்டும் வையுங்கோ, மூக்குப் பக்கம் போகாதீங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது. மன்னி எதிரில் அழுவதா? விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்ப் பாயசத்தைக் கிளறினாள். அடிப்பிடிக்காத பாயசத்தை அரைமணி கிளறினாள்.

தீபாராதனைக்குக் கூப்பிட்டபோதுதான் பார்த்தாள். சந்தனமென்றால் அப்படி ஒரு சந்தனம். எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்த மன்னிக்குக் கன்னின் மூக்கைப் பார்த்ததும் பிள்ளையார் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. மூக்கு நுனியில் ஒரு உருண்டை, அதன் மேல் குங்குமம். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஜெயலக்ஷ்மியின் கை தானாக நீண்டது. "ஏய், பூஜையில வெச்சதைத் தொடாதே!" என்று அண்ணா அதட்டினார்.

அவளுக்கும் அது தெரியாததல்ல. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் புனர்பூஜை ஆகிறவரைக்கும் தொடக்கூடாது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. வேறு ஜாதி வேறு ஊர்க்காரியாக இருந்தால் போய்யா என்று எடுத்துத் துடைத்திருப்பாள். இவள் கையை மடக்கிக்கொண்டு கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராத்திரி முழுக்க அந்தச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே படுத்திருந்தாள்.

விஜயதசமியன்று பூஜை முடிந்ததும் கன்னை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். துடைத்தாள். அதற்கென்றே இருக்கும் கம்பியை விட்டு, ஸ்பிரிட்டில் நனைத்து, சந்தனத்தைத் துளித்துளியாக வெளியே எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. உயிர் வந்தது அவளுக்கு. ஸ்விட்சைப் போட்டாள். மெல்ல 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சூடு ஏறவே இல்லை.

பிரித்துப் பார்த்தாள். பீங்கான் ஹீட்டரில் நீளமாக ஒரு விரிசல். உள்ளே ஈரம். ஈரத்தோடு சூடேறினால் பீங்கான் வெடிக்கத்தான் செய்யும். ஸ்பிரிட் காற்றில் பறந்துவிடும், சந்தனம் இத்தனை ஈரம் கசியாதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த மன்னி ஹாலிலிருந்து சொன்னாள். காலையில் புனர்பூஜையில் கலசத் தீர்த்தத்தை எல்லாவற்றுக்கும் தெளித்ததாகவும், ஜெயாவின் மெஷினுக்கு மட்டும் கூடவே ஒரு உத்தரணிக் கரண்டி மூக்கு வழியாக விட்டதாகவும், எல்லாம் அமோகமாக நடக்கும் என்றும் சொன்னாள். நிஜமாகவே ஆசையாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை. கெட்ட எண்ணத்தோடு பண்ணியிருந்தால் சண்டையாவது போடலாம்.

ஜெயலக்ஷ்மி சண்டை போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்வாமி தீர்த்தம் பட்டு மெஷின் கெட்டது என்று சொல்கிறாயா என்பார்கள். வீட்டிலிருக்கும் சுமங்கலியின் கையைச் சொல்கிறாயா என்பார்கள். அவள் கைப்பம்பை எடுத்தாள்.

கைப்பம்பால் தடித்த போர்டில் வேலை செய்வதென்றால், ஒரு கையில் சால்டரிங் அயர்னால் ஈயத்தைக் காய்ச்சி, மறு கையில் பம்பைச் சட்டென்று வைத்து இழுக்க வேண்டும். அந்த இமைப்பொழுதில் நடுவில் இருக்கும் ஈயம் ஆறிவிடும். செம்புப் பின்னல் நாடாவை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்துப் பார்த்தாள். அடியிலிருந்து போர்டைச் சூடேற்ற, தோசைக்கல் வைக்கும் மின்சார அடுப்பைக்கூடக் கொண்டுவந்து வைத்தாள். வெளியே ஊரெல்லாம் அம்மனை ஆற்றில் விட்டுவிட்டு ஸ்வீட் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்து வலி தாங்காமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழற்றினாள். பெரும்பாலும் நோகாமல் வந்துவிட்டன. கடைசி இரண்டில் வளையம் பெயர்ந்து காலோடு வந்தது. இழுக்காத கை, அன்றைக்கு இழுத்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். லிப்டில் மனுஷர்கள் ஏறுகிறார்கள் தீதி, இதில் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மீதி போர்டுகளுக்கு ஒழுங்காகப் பணமும் கொடுத்தார். அடுத்த பெட்டியைக் கொடுக்கவில்லை.

வீட்டில் தீர்ப்பு தயாராக இருந்தது. அண்ணா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "செகண்ட் ஹாண்ட் வாங்கினா இப்படித்தான்," என்றார். "மூடிப்போன கம்பெனி சாமான், அதுக்குன்னு ஒரு ராசி உண்டு. சாமான் பாத்து வாங்கத் தெரியணும் ஜெயா."

சாமான் பார்த்து வாங்கத் தெரியவில்லையாம்! மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். காகிதத் துண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தவளை, கால் ஆடுகிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்தவளை, அந்த ஒரு வார்த்தை போட்டுத் தள்ளிவிட்டது. காளிகாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் வரை அந்தப் பேச்சு போயிற்று. பாவம், ஜெயா என்னவோ பண்ணிப் பார்த்தாள், மெஷின் தப்பாக வாங்கிவிட்டாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த வாரமே மேஜை நகர்ந்தது. தொட்டில் வந்தது. சுப்ரியா ஆபீசுக்குப் போனாள். அவளுக்குத் தமிழை விட வங்காளிப் பாஷைதான் நன்றாக வரும். போகும்போது அத்தையின் கையைப் பிடித்து வங்காளியில் என்னவோ நன்றி சொன்னாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

அந்த மாற்று ஹீட்டர் வராமல் இல்லை. மேனேஜர் கொடுத்த பணத்தில் ஜெயலக்ஷ்மி அதை ஆர்டர் பண்ணித்தான் இருந்தாள். குளிர்காலத்தில் ஒரு நாள் கூரியரில் வந்தது. குழந்தை தூங்கும்போது அடுப்படி பிளக்கில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். சூடு ஏறிற்று. பழைய போர்டு ஒன்றில் மூக்கை வைத்தாள். ஈயம் சர்ரென்று உள்ளே போயிற்று, கால் ஓட்டைக்குள் ஆடிற்று. சாமான் தப்பில்லை. அவள் வாங்கினது தப்பே இல்லை. யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? கூப்பிடவில்லை. ஆறவிட்டு, பழைய புடவையில் சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தாள். தொட்டிலில் ஸ்னேகா சிணுங்கினாள், இறங்கிப் போனாள்.

மறு வருஷம் மழை பிடித்துக்கொண்ட ஆஷாட மாசத்தில், நம் கணக்குக்கு ஆனியில், வாஷிங் மெஷின் நின்றுபோயிற்று. பாதித் தண்ணீரோடு, உள்ளே குழந்தைத் துணி அத்தனையும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, போர்டையே மாற்ற வேண்டும், கம்பெனியிலிருந்து வர நாளாகும் என்று போய்விட்டான். வீட்டில் எல்லோரும் ஹாலில்தான் இருந்தார்கள். மன்னிக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"நம்ம ஜெயா இருக்காளே! அடியே, உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. பரண்ல உன் சாமான் இருக்கு, எடுத்துண்டு வாயேன்."

ஜெயலக்ஷ்மி பரண் பக்கம் போகவில்லை. மெஷினின் பின் மூடியைக் கழற்றினாள். போர்டை உருவி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ரிலே என்கிற குட்டி ஸ்விட்சின் காலைச் சுற்றியிருந்த ஈயத்தில் மயிர் போல ஒரு விரிசல். பழைய ஈயத்தை எடுத்துப் புது ஈயம் வைக்க வேண்டும், காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. பார்த்த அடுத்த நிமிஷம் போர்டை இருந்த இடத்திலேயே சொருகி மூடியைப் போட்டாள்.

"சந்தனம் குங்குமம் வெச்சுப் பாருங்கோ மன்னி," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என் கன்னுக்கு மூக்குல வெச்சேளே, அது மாதிரி. மேல ஒரு உத்தரணி தீர்த்தமும் விடுங்கோ. அதுக்குத்தான் விட்டேளே, ஹீட்டர் வெடிச்சுது. சுமங்கலி கை."

அண்ணா பேப்பரைத் தாழ்த்தினார். என்ன ஆயிற்று, என்ன சொல்கிறாள் என்று சுப்ரியா ரஞ்சனிடம் வங்காளியில் கேட்டாள். மன்னியின் பார்வை மெல்லப் பால்கனிப் பக்கம் போயிற்று. தொட்டிலைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

ஜெயலக்ஷ்மி மெஷினிலிருந்து ஊறின துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பாத்ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தைத் துணி அத்தனையையும் அன்றைக்குக் கையால் தோய்த்தவளும் அவள்தான். வேறு யார் தோய்ப்பார்கள்?